ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரின் சரித்திரம்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. தாத்தா காலத்தில் பிளக்கைக் கழற்றினார்கள். அப்பா காலத்தில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். இன்றைய மின்சார ஸ்கூட்டர் நின்றால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருந்து லேப்டாப்போடு ஒருவர் வந்தாக வேண்டும். வண்டியைக் கிளப்பும் வித்தை வீட்டுத் திண்ணையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. எவ்வளவு தூரம் என்று பார்த்தால் சீனா வரைக்கும். ஆனால் அந்தத் தூரத்துக்குப் போன பொருளில் ஒரு பங்கு கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலாகக் கிடக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் அடிப்படை. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், அதை அழுத்த ஒரு கம்ப்ரஷன், சரியான நேரத்தில் ஒரு பொறி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. இதில் அதிகம் மக்கர் செய்தது பொறிதான். 1902ல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் என்ற எஞ்சினியர் உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் செய்து முடித்தார். சுற்றும் காந்தம், பக்கத்தில் ஒரு செம்புக்கம்பிச் சுருள், முடிவில் பிளக். பேட்டரியே தேவையில்லை. காலால் உதைத்த வேகத்தில் காந்தம் சுற்றும், கம்பியில் மின்சாரம் பிறக்கும், பிளக் முனையில் பொறி தெறிக்கும். பின்னால் வந்த ஸ்கூட்டர்களின் ஃப்ளைவீல் மேக்னட்டோவுக்கும் இதே தத்துவம்தான்.

ஸ்கூட்டர் பெரிய அளவில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. குண்டு விழுந்து நாசமான இத்தாலியில் விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனம் 1946ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. வடிவமைத்த கொராடினோ டாஸ்கானியோ ஒரு விமான எஞ்சினியர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. அழுக்கு, செயின், ஆயில் கறை என்று பல புகார்கள். அதனால் எஞ்சினை மூடி பின்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அடுத்த வருடமே இன்னொசென்டி நிறுவனம் லாம்பிரட்டாவோடு போட்டிக்கு வந்தது. 1948ல் பஜாஜ் குழுமம் வெஸ்பாவை இறக்குமதி செய்து இந்தியாவில் விற்கத் தொடங்கியது. 1955ல் பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்பிரட்டாவைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. 1960ல் பஜாஜ் பியாஜியோவோடு ஒப்பந்தம் போட்டு இங்கேயே தயாரிப்பில் இறங்கியது.

மெட்ராஸும் சும்மா இருக்கவில்லை. திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்த என்ஃபீல்டு இந்தியா 1960களின் தொடக்கத்தில் ஃபென்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டரை விட்டது. வில்லியர்ஸ் எஞ்சின், 175 சிசி. கனமான வண்டி. பெயர் மட்டும் படு ஸ்டைல். ஏனோ நம் ஜனங்களிடம் எடுபடவில்லை.

1971ல் பியாஜியோ ஒப்பந்தம் முடிந்தது. மறு வருடம் பஜாஜ் தன் வண்டிக்கு மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை வைத்தது. அதுதான் சேத்தக். அதே 1972ல் மத்திய அரசு லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட்டைத் தொடங்கி, இத்தாலியில் மூடப்பட்ட லாம்பிரட்டா ஆலையின் எந்திரங்களை வாங்கிக் கொண்டுவந்தது. விஜய் சூப்பர் அப்படி வந்தது. இத்தனை கம்பெனி இருந்தும் ஸ்கூட்டர் கிடைக்கவில்லை! லைசென்ஸ் ராஜ்யம். எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாண வயசில் பதிவு செய்த வண்டி பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வந்து சேரும். புது வண்டியை விட உடனே கிடைக்கும் பழைய வண்டிக்கு விலை அதிகம் என்ற அதிசயமும் அப்போது நடந்தது.

இந்தப் பஞ்சத்துக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பத்து வருடம் காத்திருந்து வாங்கிய வண்டியை யாரும் மூன்று வருடத்தில் மாற்ற மாட்டார்கள். இருபது வருடம், இருபத்தைந்து வருடம் ஓட்டுவார்கள். வரிசையில் ஜனம் நிற்கும்வரை கம்பெனிக்கும் வண்டியைத் திருத்தும் அவசரம் இல்லை. ஆக, கோளாறை உரிமையாளரே பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு மாற்று பிளக், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு பழைய துணி. இது இல்லாமல் வெளியூர் கிளம்பிய ஸ்கூட்டர்காரர் அந்தக் காலத்தில் அபூர்வம். ஆசிரியர், பேங்க் குமாஸ்தா, தபால்காரர் என்று எந்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் பாதி மெக்கானிக் ஆனார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த முறை ஒரு வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்ப்பது. காக் 'ஆஃப்'பில் கிடக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பார்ப்பது. (ஊரில் பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகாததற்கு மூடிய காக்தான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.) டேங்க் மூடியில் காற்றுப் போகிற சிறு துளை அடைத்துக்கொண்டாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து மூடினால் வண்டி கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்து நாசம் செய்தவர்கள் ஏராளம்.

அடுத்தது பிளக். "பிளக்க கழத்திப் பாரு மக்களே" என்பதுதான் நாஞ்சில் நாட்டு ஒர்க்‌ஷாப்புகளின் முதல் மந்திரம். கழற்றிய பிளக் மொத்தக் கதையையும் சொல்லிவிடும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் ஜெட்டில் தூசி. ஜெட்டைக் கழற்றி ஊதினால் போதும், ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. காக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துப் பத்து உதை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். முனை கருப்பாகக் கரி படிந்திருந்தால் ஆயில் கூடிவிட்டது. இவை எல்லாமே டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் என்பதால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். லிட்டருக்கு இருபது மில்லி போதும் என்ற வண்டியில், எஞ்சின் நன்றாக இருக்கட்டும் என்ற பாசத்தில் நாற்பது மில்லி ஊற்றுவார்கள். பாசம் கரியாக மாறி பிளக் இடைவெளியில் பாலம் போட்டுவிடும். அந்த இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். ஒரு கரித்துணுக்கு போதும், பொறி செத்துவிடும்.

பிளக் சுத்தமாக இருந்தும் பொறி வரவில்லையா? பிளக்கைக் கேப்பில் மாட்டி எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து ஒரு உதை. நீலப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், கோளாறு மேக்னட்டோவுக்குள். அங்கே கான்டாக்ட் பாயிண்ட் என்று இரண்டு சின்ன முனைகள், ஒவ்வொரு சுற்றுக்கும் திறந்து மூடும். தேய்ந்தோ கருகியோ போனால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். இதற்கான கேஜ் இல்லாதவர்கள் கண்மதிப்பாகவே வைத்தார்கள். பாயிண்ட் சரியாகியும் பொறி மங்கலாக இருந்தால் கண்டன்சரை மாற்ற வேண்டும். அதுவும் இல்லை என்றால் காயில். பிளக்கில் ஆரம்பித்து உள்ளே உள்ளே போகிற இந்த வரிசையை யாரும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கவில்லை. ரோட்டோரத்தில் ஒருவர் கழற்ற நாலு பேர் நின்று பார்த்து பரவிய படிப்பு அது.

சரி, சாய்க்கிற விஷயத்துக்கு வரலாம். இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே சேத்தக் என்றதும் நினைவுக்கு வருவது, உதைப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தும் காட்சிதான். இது மூடநம்பிக்கை அல்ல. வெஸ்பா வகை வண்டிகளில் கார்புரேட்டர் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வண்டியைச் சாய்த்தால் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் அலம்பிக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறங்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் தேவை. சோக் செய்வதும் இதே வேலையைத்தான். சேத்தக்கில் சோக் இருந்தது. இருந்தும் ஜனங்கள் சாய்ப்பதையே நம்பினார்கள். சோக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போகும், சாய்க்கும் கை இறுகாது! ஆனால் ஏற்கெனவே பெட்ரோல் மிஞ்சிப்போன வண்டியைச் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் பிளக்கைப் பார்த்தவருக்குத்தான் சாய்க்கலாமா வேண்டாமா என்பது தெரியும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரியும் உண்டு. மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, முட்டம், குளச்சல் என்று அரபிக்கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இரும்பை மட்டும் அல்ல, மின் இணைப்புகளையும் தின்றுவிடும். பிளக் கேப்புக்குள் பச்சை பூத்துவிடும். பூமி இணைப்புப் போல்ட்டு துருவேறினால் பொறி பாதியாகிவிடும். மழைக்காலத்து ஈரம் காயில் கம்பியில் இறங்கினால், வெயில் ஏறும் வரை வண்டி அசையாது. போதாக்குறைக்கு அந்தக் கரையின் கருமணல். அதில் கலந்திருக்கும் இரும்புச் சத்துள்ள துகள்களைக் காந்தம் இழுக்கும். மேக்னட்டோவின் ஃப்ளைவீல் என்பதே ஒரு காந்தச் சக்கரம். அதைக் கழற்றி மணலில் வைத்தால் கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்து எடுப்பது பெரும்பாடு.

சொந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். பின்னால் மீன்பெட்டி கட்டி ஓடிய எம்80 போன்ற வண்டிக்காரர்களுக்கு இது பிழைப்பு. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்த மீன் வெயில் ஏறுவதற்குள் உள்நாட்டுச் சந்தைக்கும் தெருக்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அரை மணி நேரம் வண்டி நின்றால் ஐஸ் கரையும், விலை இறங்கும். பிளக்கை ஐந்து நிமிடத்தில் கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அன்றைய வருமானத்திலேயே வித்தியாசம் இருந்தது.

1980களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டா இந்த உலகத்தை முதலில் அசைத்தது. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட். கியர் கிடையாது. ஆயிலுக்குத் தனி டேங்க், கலக்கும் வேலையும் மிச்சம். சேலை கட்டிய பெண்களும் சிரமமில்லாமல் ஓட்டக்கூடிய வண்டி என்பது அப்போது சின்ன விஷயமல்ல. எட்டி உதைக்க முடியாததாலேயே ஸ்கூட்டர் பக்கம் வராதிருந்த பாதி ஜனத்தொகைக்கு அந்தப் பொத்தான் கதவைத் திறந்தது. 1990களில் ஓசூரில் இருந்து டிவிஎஸ் ஸ்கூட்டியும், 2001ல் ஹோண்டா ஆக்டிவாவும் அந்தக் கதவை அகலமாகத் திறந்தன. பழைய வித்தை மறைந்ததை நினைத்துப் புலம்புகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையில் கான்டாக்ட் பாயிண்டின் இடத்தில் சிடிஐ என்ற எலக்ட்ரானிக் பெட்டி வந்தது. தேய்க்க ஒன்றுமில்லை, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது ஸ்கூட்டர்களில் கார்புரேட்டரும் போய், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தது. பெட்ரோல் பம்புக்கே பேட்டரி வேண்டும் என்பதால், பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் கிக்கர் இருந்தும் பெரிதாகப் பயனில்லை. இன்றைய வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை பிரேக்கைப் பிடித்தோமா, சைடு ஸ்டாண்டு எடுத்தோமா, பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா என்பவைதான். புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம். அதை வடித்துவிட்டுப் புது பெட்ரோல் ஊற்றினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

2000களின் நடுவில் பழைய சேத்தக் நின்றது. 2009ல் பஜாஜ் ஸ்கூட்டரே வேண்டாம் என்று முடிவெடுத்தது. பத்து வருடம் கழித்து அதே பெயர் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி, 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. பிளக் இல்லை, பெட்ரோல் இல்லை, சாய்க்க வேண்டியதில்லை. ஆனால் காந்தம் மட்டும் போகவில்லை. அன்று பொறியைக் கொடுத்த காந்தம் இன்று சக்கரத்தையே சுற்றுகிறது. பழைய மேக்னட்டோவில் இருந்தது அல்நிகோ போன்ற சாதாரணக் காந்தம். இன்றைய மோட்டாரில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தது. சின்ன அளவில் பெரும் பலம்.

இங்கேதான் கதை மணவாளக்குறிச்சிக்குத் திரும்புகிறது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைப் பார்த்துத் தேடி வந்ததாகச் சொல்லப்படுகிறது. மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை அவர் தொடங்கியதுதான். அன்றைக்கு மோனசைட்டின் மதிப்பு காந்தத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது. கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு அதில் உள்ள தோரியம் தேவை. மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் 1903ல் மிச்சமாகிக் கிடந்த சீரியத்தை இரும்போடு சேர்த்து இன்னொன்றையும் செய்தார். அதுதான் லைட்டர் கல். ஹோனோல்டின் பிளக் பொறிக்கு மறு வருடம், உரசினால் தெறிக்கும் இந்தப் பொறி! முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பர்க் கைதானார், ஆலை பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1950ல் தொடங்கப்பட்ட இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் 1960களில் அதை எடுத்துக்கொண்டது. உள்ளூரில் அதற்கு இன்றும் மணல் ஆலை என்றுதான் பெயர்.

அந்த மணலின் மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. ஆனால் மணலில் இருப்பது காந்தமாகிவிடாது. மணலைப் பிரிக்க வேண்டும், தோரியத்தை ஒதுக்க வேண்டும், பதினைந்துக்கும் மேற்பட்ட ஒரே மாதிரியான தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வேண்டும், பிறகு உலோகமாக்க வேண்டும், கடைசியில் காந்தம். மணல் பிரிப்பது இங்கே, ரசாயன வேலை ஒடிசாவிலும் ஆலுவாவிலும். அதற்குப் பின்னால் உள்ள படிகளை இந்தியா பெரிய அளவில் கட்டவே இல்லை. சீனா கட்டியது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் லட்சக்கணக்கில் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. காந்தம் பெரும்பாலும் கப்பலில் வந்தது.

2025 ஏப்ரல் 4ஆம் தேதி சீனா ஏழு அரிய தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. சில மாதங்களில் இந்திய ஸ்கூட்டர் ஆலைகள் தடுமாறின. ஆகஸ்ட் மாதம் சேத்தக் உற்பத்தி பூஜ்யமாகவும் ஆகலாம் என்று நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ் எச்சரித்தார். ஒரு காலத்தில் பாயிண்டில் படிந்த கரியால் நின்ற அதே பெயர் வண்டி, இப்போது பெய்ஜிங்கில் ஒரு கையெழுத்து வராததால் ஆலையிலேயே நிற்கும் நிலை! இதற்கு எந்த உப்புத்தாளும் உதவாது.

உடனே "மணவாளக்குறிச்சியில் தோண்டினால் போதுமே" என்று கிளம்பிவிட்டார்கள் சிலர். அது அவ்வளவு சுலபம் இல்லை. மோட்டார் சூடாகும்போது காந்தம் பலம் இழக்காமல் இருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனத் தனிமங்கள் நம் மோனசைட்டில் மிகச் சொற்பம். சீனா கட்டுப்படுத்தியது இவற்றைத்தான், நியோடிமியத்தை அல்ல. தவிர, தோண்டுவது யாருடைய வாசலில் என்ற கேள்வியும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அந்தக் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விட அதிகம். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024ல் மீனவ கிராமங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. கரை அரிப்பையும் புற்றுநோய் பயத்தையும் சொல்லும் அந்த மக்களிடம், ஸ்கூட்டர் ஓட வேண்டும் என்பது மட்டும் பதிலாகாது.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை வருடத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்னொரு பக்கம், அரிய தனிமமே இல்லாத ஃபெரைட் காந்த மோட்டார்களைச் சில கம்பெனிகள் செய்து பார்க்கின்றன. ஃபெரைட் என்றால் வேறொன்றும் இல்லை, ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கறுப்பு வளையக் காந்தம்தான்.